மிச்சமில்லாத பங்கீடு

ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் கிர்க்மன் 1850இல் ஒரு புதிர் போட்டார். 15 சிறுமிகள் ஏழு நாளும் மும்மூன்று பேராக நடக்க வேண்டும். எந்த இருவரும் மறுமுறை ஒரே வரிசையில் சேரக் கூடாது. இரண்டே உறுப்புகள் கொண்ட களத்தின் மீது எழும் முப்பரிமாண வீழ்ப்பு வெளியில் 15 புள்ளிகள், 35 கோடுகள், கோட்டுக்கு மூன்று புள்ளிகள். ஒன்றையொன்று தொடாத ஐந்து கோடுகள் எல்லாப் புள்ளிகளையும் பங்கிட்டுக்கொண்டால் அது ஒரு ‘ஸ்பிரெட்’. 35 கோடுகளும் ஏழு ஸ்பிரெட்டுகளாகப் பிரிந்தால் ஒரு வாரத்து நடை முடிந்தது. புதிருக்கு உள்ள ஏழு வகை விடைகளில் இரண்டு இப்படிப் பிறப்பவை. மற்ற ஐந்தும் சரியான விடைகளே. ஆனால் இவ்விரண்டுக்கும்தான் பின்னால் ஒரு வடிவியல் இருக்கிறது. ‘இருக்கிறது’ என்று காட்டுவதோடு நில்லாமல் ‘இப்படிக் கட்டு’ என்று விதி சொல்வதே இவ்வடிவியல் மரபின் அளவுகோல். அதைத் தளர்த்தக் கூடாது என்பது என் கட்சி.

இந்த அளவுகோலை வகுத்ததில் இத்தாலியப் பள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு. திசையன் வெளியின் பரிமாணம் n, உள்வெளிகளின் பரிமாணம் t என்றால், t என்பது n-ஐ வகுக்கும்போது மட்டுமே ஸ்பிரெட் அமையும் என்று பெனியாமினோ செக்ரே 1964இல் நிறுவினார். கட்டும் வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. n பரிமாண வெளியை ஒரு பெரிய களமாகவே பார்த்து, அதனுள் இருக்கும் t பரிமாணச் சிறு களத்தை ஒவ்வோர் உறுப்பாலும் பெருக்கினால் போதும்; பூச்சியம் அல்லாத ஒவ்வோர் உறுப்பும் சரியாக ஒரு பங்கில் விழும். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சோதனைத் திட்டமிடலிலிருந்து இத்துறைக்கு வந்த ஆர்.சி. போஸ், அதே 1964இல் கணிதவியலாளர் புரூக்குடன் சேர்ந்து ஸ்பிரெட்டுகளிலிருந்து புதிய வீழ்ப்புத் தளங்களைக் கட்டிக் காட்டினார்.

அழகு ஏமாற்றும் என்பார்கள். உண்மைதான். இரண்டு உறுப்புக் களத்தில் எட்டுப் பரிமாண வெளியை மூன்று பரிமாண உள்வெளிகளால் மிச்சமின்றிப் பங்கிட முடியாது. பூச்சியத்தில் மட்டும் சந்திக்கும்படி எத்தனை வைக்கலாம்? பழைய விதி தந்தது 33. அதுவே உச்சம் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. 2010இல் கணினி 34ஐக் கண்டெடுத்தது. ஆயினும் அந்த ஒரு விதையிலிருந்து 11, 14 என நீளும் பரிமாணங்களுக்கு விடையைக் கொண்டுபோனது கணினியன்று, விதி.

கணினியின் பெரும் வெற்றியும் இதையே சொல்கிறது. 2016இல் ஐவர் குழு, 13 பரிமாண வெளியில் இரு பரிமாண உள்வெளி ஒவ்வொன்றும் சரியாக ஒன்றில் மட்டும் அடங்குமாறு 15,97,245 மூன்று பரிமாண உள்வெளிகளைத் தேர்ந்து காட்டியது. ஒவ்வொன்றாகத் தேடியிருந்தால் கரை சேர்ந்திருக்க முடியாது. 1,06,483 உறுப்புள்ள சமச்சீர்க் குலத்தை முன்பே வரித்துக்கொண்டதால் 15 தொகுதிகளைப் பொறுக்கினாலே போதுமாயிற்று.

தேவையான வகுபடு நிபந்தனைகள் நிறைவேறி, பரிமாணமும் போதிய அளவு பெரிதானால் இத்தகைய அமைப்புகள் உண்டு என்று கீவாஷ், சா, சாஹ்னி 2022இல் பொதுவாகவே நிறுவிவிட்டார்களே, இனி விதி எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தேற்றம் சிறிய பரிமாணங்களில் பேசாது. ஏழு பரிமாணத்தில் அப்படியோர் அமைப்பு இருந்தால் அதன் சமச்சீர்க் குலத்தில் இரண்டு உறுப்புகளுக்கு மேல் இராது என்பது தெரியும். பழைய கருவி அங்கே கைகொடுக்காது என்பதே அதன் பொருள். அவ்வமைப்புக்குத் தேவை 381 உள்வெளிகள். இரண்டிரண்டாக ஒரு புள்ளிக்கு மேல் பகிராதபடி இதுவரை சேர்க்க முடிந்தவை 333.