அறிந்ததை மட்டும் சொன்ன குரல்

விளையாட்டு வருணனையாளரை ஒரு செய்தியாளராக மதிப்போர் குறைவு. கண்முன் நடப்பதைச் சொல்லக் குரல் வளமும் சரளமும் போதும் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்கத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஜிம் மெக்கேயின் பணிவாழ்வை ஆராய்ந்தால், அவ்வெண்ணம் எத்துணை மேலோட்டமானது என்பது நமக்குப் புலனாகும்.

1921இல் ஃபிலடெல்ஃபியாவில் ஐரிஷ் வழிக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். இயற்பெயர் ஜேம்ஸ் மெக்மேனஸ். பால்டிமோரில் இயேசு சபையினரின் லயோலா கல்லூரியில் பயின்று, போர்க்காலத்தில் கடற்படையில் பணியாற்றி, பின்னர் அந்நகரின் நாளிதழில் செய்தியாளரானார். 1947இல் அந்நாளிதழ் நிறுவனம் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, அதில் முதலில் ஒலித்த குரல் அவருடையதே. 1950இல் நியூயார்க்கின் சி.பி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்தபின், தாம் நடத்திய நிகழ்ச்சியின் தலைப்பையொட்டி 'மெக்கே' ஆனார்.

1961இல் ஏ.பி.சி. தொடங்கிய 'வைடு வேர்ல்டு ஆஃப் ஸ்போர்ட்ஸ்' நிகழ்ச்சி அவரை நாடறியச் செய்தது. ஒலிம்பிக் வீரரைப் பற்றிப் பேசிய அதே மரியாதையோடு, அக்காபுல்கோவின் பாறை உச்சியிலிருந்து கடலில் குதிப்பவரைப் பற்றியும் அவர் பேசினார். வெற்றியைவிட, வெல்ல முயலும் மனிதரே அவருக்கு முக்கியம். இக்கனிவு சில வேளைகளில் மிகுந்து, விளையாட்டு உலகின் குறைகளைக் கடிந்துரைக்கத் தயங்கியது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

ஆயினும் அக்கனிவின் உண்மையான பயன் 1972 செப்டம்பர் 5 அன்று மியூனிக்கில் விளங்கியது. ஒலிம்பிக் கிராமத்தில் புகுந்த பாலஸ்தீன ஆயுதக்குழு, இஸ்ரேலிய அணியினரில் இருவரைக் கொன்று, ஒன்பது பேரைப் பிணைக்கைதிகளாக்கியது. அன்று மெக்கேவுக்கு ஓய்வுநாள். நீச்சலுடையின் மேலேயே ஆடை அணிந்து அரங்கத்துக்கு விரைந்தார். அவ்வாண்டு ஒலிம்பிக்கின் முதன்மை அறிவிப்பாளர் வேறொருவர். எனினும், செய்தித்தாளில் பழகிய அனுபவத்தைக் கருதி, பொறுப்பை மெக்கேயிடமே ஒப்படைத்தார் தயாரிப்பாளர் ரூன் ஆர்லெட்ஜ்.

நள்ளிரவில், பிணைக்கைதிகள் அனைவரும் மீட்கப்பட்டனர் என்ற செய்தி பரவியது. மேற்கு ஜெர்மனி அரசின் பேச்சாளரே மீட்பு நடவடிக்கை வெற்றி என்றார். உலகம் மகிழ விரும்பிய நேரம் அது. உறுதிப்படாததை உறுதிப்படாதது என்றே மெக்கே சொல்லி வந்தார். பிணைக்கைதிகளுள் ஒருவரான பளுதூக்கும் வீரர் டேவிட் பெர்கர், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் மகனின் கதியைத் தம் வாய்மொழியாகவே அறியப்போகிறார்கள் என்ற நினைவு அன்றிரவு முழுதும் தம்மை விட்டு அகலவில்லை என்று மெக்கே பின்னாளில் கூறினார். அதிகாலை மூன்று மணிக்குப் பின்னரே உண்மை வந்தது. இருவர் அறைகளில் இறந்தனர், ஒன்பது பேர் விமானத் தளத்தில் இறந்தனர் என்று எண்ணிச் சொல்லி, "எல்லாரும் போய்விட்டார்கள்" என்று முடித்தார்.

கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பேசியது இரு பெற்றோரிடம். அவருடைய நிதானத்தின் ஊற்று அதுவே என்பது நம் கணிப்பு. இப்பெருமையில் தொலைக்காட்சி முழுப்பங்கு கோர இயலாது. அன்று பகலில், கூரைமேல் பதுங்கிய காவலர்களை நேரலையில் காட்டியதும் தொலைக்காட்சிக் கேமராக்களே. உள்ளிருந்த ஆயுததாரிகளும் அக்காட்சியைக் காணக்கூடும் என்பதால், அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒருவரின் பொறுப்புணர்வு ஒரு துறையின் அவசரத்தைக் கழுவிவிடாது.

அப்பணிக்காக விளையாட்டு, செய்தி ஆகிய இரு பிரிவுகளிலும் அவர் எம்மி விருது பெற்றார். 2008 ஜூன் 7 அன்று தமது 86ஆம் வயதில் மறைந்தார். அந்நாளைச் சித்திரிக்கும் 'செப்டம்பர் 5' என்ற 2024ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவருடைய அசல் ஒளிப்பதிவே இடம்பெறுகிறது.

இன்று மரணச் செய்தியைப் பரப்ப அறிவிப்பாளர் தேவையில்லை, கைப்பேசி போதும். நாம் முந்திக்கொண்டு அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் மறுமுனையிலும் ஒரு தாயோ தந்தையோ இருக்கக்கூடும். அனுப்புமுன் அவர்கள் முகத்தை ஒரு கணம் நினைத்துப் பார்க்கிறோமா?