தும்பையும் காஞ்சியும்: அறிவியல் புனைவுச் சுடும் ஆட்டங்களில் தனியாட்டமும் கூட்டாட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைவுச் சுடும் ஆட்டங்களைப் பற்றிய மதிப்புரைகள் 'சிங்கிள் பிளேயர்' எனப்படும் தனியாட்டத்தையும் 'மல்டிபிளேயர்' எனப்படும் கூட்டாட்டத்தையும் ஒரே அளவுகோலால் அளந்து, ஒன்றை மற்றதைவிடச் சிறந்தது என முடிவு கூறுவது வழக்கம். இரண்டும் வெவ்வேறு திணைக்கு உரியவை என்பது இக்கட்டுரையின் துணிபு. டைட்டன்ஃபால் 2, இன்டஸ் பேட்டில் ராயல் ஆகிய ஆட்டங்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் துணைகொண்டு இங்கு நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தனியாட்டம், கூட்டாட்டம், தும்பை, காஞ்சி, வஞ்சினம், உரிப்பொருள்

முன்னுரை

களக்காடு சத்தியவாகீசுவரர் கோயில் தேரடியில் மாலை வேளைகளில் நான்கைந்து இளைஞர்கள் அருகருகே அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், கைபேசிக்குள் ஒரே களத்தில் நின்று போரிடுவதைக் காணலாம். "ஏல, பொத்தைக்குப் பொறத்தால நிக்கான், வராத" என்று ஒருவன் எச்சரிக்கிறான். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அக்குன்றுக்கு இட்ட பெயரை அவன் அறியான். அறிய வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. நெல்லைச் சீமையில் சிறு பாறைக்குன்று பொத்தை. ஆகவே திரைக்குள் இருப்பதும் பொத்தை. வேற்று நாட்டார் வரைந்த நிலத்துக்கு இவ்வாறு ஒரு வட்டாரப் பெயர் அமைந்துவிடுகிறது.

இக்காட்சியை ஆட்டத்தின் தரமாகக் கொள்வதா, ஆடுவோரின் தரமாகக் கொள்வதா என்பதே இக்கட்டுரைக்கு வித்திட்ட வினா.

ஒரு நிறுவனத்தின் மூன்று முடிவுகள்

ரெஸ்பான் என்னும் அமெரிக்க நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட டைட்டன்ஃபால் முற்றிலும் கூட்டாட்டம். அதன் கதை, போருக்கு இடையே ஒலிக்கும் வானொலிப் பேச்சாகவே தூவப்பட்டிருந்தது. எதிரியின் குண்டுக்குத் தப்பி ஓடுபவன் அப்பேச்சைச் செவிமடுப்பதில்லை. 2016 அக்டோபர் 28 அன்று வெளிவந்த இரண்டாம் ஆட்டம் தனியாட்டப் பகுதி ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. 2019 பிப்ரவரியில் அதே புனைவுலகில் அமைந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் வந்தபோது, தனியாட்டக் கதைப்பகுதி மீண்டும் இல்லாமற் போயிற்று. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரே நிறுவனம் எடுத்த இம்மூன்று முடிவுகளும் ஒப்பாய்வுக்கு ஏற்ற தரவாகின்றன.

பொழுதும் நிலமும்

டைட்டன்ஃபால் 2 தனியாட்டத்தில் ஜாக் கூப்பர் என்னும் எளிய படைவீரன், தன் தலைவன் வீழ்ந்தபின் பி.டி. என்னும் மாபெரும் இயந்திரத்தின் துணைவனாகிறான். எதிர்த்தலைவர்கள் தட்டையான வார்ப்புகள். பி.டி.யின் தியாகத்தையும் முன்னரே ஊகித்துவிடலாம். இக்குறைகள் இருந்தும் அவ்வாட்டத்தை இன்றும் பேசவைப்பது அதன் இடைப்பகுதியில் வரும் ஒரு நிலை. அங்கே சிதைந்து கிடக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் கூப்பருக்கு ஒரு கருவி கிடைக்கிறது. அதை இயக்கினால் அதே இடம் அழிவுக்கு முற்பட்ட காலத்துக்கு மாறுகிறது. மீண்டும் இயக்கினால் நிகழ்காலம். இன்று இடிந்து கிடக்கும் சுவர் அன்று நிற்கிறது. அன்று காவலர் நிற்கும் கூடத்தில் இன்று விலங்குகள் திரிகின்றன. ஒரு காலத்துச் சுவரில் ஓடி, நடுவானில் காலத்தை மாற்றி, மறு காலத்துச் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். பெரும்பாலான சுடும் ஆட்டங்களில் நிலம் மறைந்துகொள்ள உதவும் தடுப்பு; பொழுது பின்னணி வண்ணம். இந்நிலையிலோ ஆடுபவன் விரலால் இயக்குவது பொழுதை. விளைவது நிலத்தின் மாற்றம். வெறும் உத்தியாக நின்றிருந்தால் இது வியப்போடு முடிந்திருக்கும். ஆனால் சற்று முன் எந்தக் கூடத்தின் சாம்பலை மிதித்து நடந்தோமோ, அக்கூடத்தில் தம் அழிவை அறியாது நடமாடும் மனிதர்கள் நடுவே நாம் நிற்கிறோம். உலகத்து நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சியின் உணர்வு இது. சொல்லால் விளக்கப்படாமல் நடையால் உணர்த்தப்படுகிறது.

இங்கு ஒரு தடையை எழுப்பலாம். காஞ்சி பெருந்திணைக்குப் புறன். பெருந்திணைக்கு நிலம் வகுக்கப்படவில்லை. நிலத்தை மையமாகக் கொண்ட ஒரு நிலையைக் காஞ்சி எனல் எங்ஙனம்? தடை நியாயமானதே. காஞ்சி என்பது அங்கு எழும் உணர்வுக்கு மட்டுமே பெயர். நிலத்தின் செயற்பாட்டை விளக்க அகத்திணையின் முப்பொருளையே நாட வேண்டியுள்ளது.

களத்தில் நிகழும் துறைகள்

கூட்டாட்டத்தைக் கதையின்மையால் தாழ்த்துவோர், தும்பைக்குக் கதை தேவையில்லை என்பதை மறக்கின்றனர். மண்ணோ ஆநிரையோ அன்றி வலிமையே பொருளாக நிகழும் போர் தும்பை. இறுதிவரை எஞ்சுபவனே வெல்லும் பேட்டில் ராயல் வகை ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைப்பது அரிது. அத்திணையின் துறைகளும் தேரடியில் நாள்தோறும் நிகழ்கின்றன. தனியொருவன் பலரை வீழ்த்தும் நூழில் அவற்றுள் ஒன்று. உடைந்த படையின் பின்னணியைத் தாங்கி ஒருவன் நிற்பது எருமை. வீழ்ந்த தோழனை மற்றவன் எழுப்பும்வரை கதவருகே நின்று குண்டுகளை ஏற்பவன் செய்வது வேறென்ன? இவற்றை எந்த எழுத்தாளரும் எழுதி வைக்கவில்லை. விதிகள் இடம் தருகின்றன, ஆடுவோர் நிகழ்த்துகின்றனர். எனவே கூட்டாட்டத்தின் தரம் என்பது, எத்தனை துறைகள் நிகழ அதன் விதிகள் இடமளிக்கின்றன என்பதே.

இன்டஸ்: கருப்பொருள் உண்டு, உரிப்பொருள் இல்லை

புணேயின் சூப்பர்கேமிங் நிறுவனம் 2024 அக்டோபர் 16 அன்று வெளியிட்ட இன்டஸ், இந்தியத் தன்மை கொண்ட எதிர்காலத்தைக் காட்டுவதாக அறிவித்துக்கொண்டது. விர்லோக் என்னும் நிலம், மயிலை நினைவூட்டும் மோர்னி போன்ற பாத்திரங்கள், காஸ்மியம் என்னும் அரும்பொருள் ஆகியவை அதன் உலகை நிரப்புகின்றன. வெளிவந்தபோது தனியாட்டக் கதைப்பகுதி அதில் இடம்பெறவில்லை.

விளைவு என்ன? மயிலும் சிற்பமும் கோபுரச் சாயலும் கருப்பொருளாகக் குவிந்துள்ளன. அந்நிலத்துக்கே உரிய ஒழுக்கம் எது, அங்கு மட்டுமே நிகழக்கூடிய மனித நிலை எது என்பதற்கு விடையில்லை. பொழுது என்பது சுருங்கிவரும் வட்டம் மட்டுமே. விர்லோக்கை அகற்றி வேறொரு தீவை அங்கு வைத்தாலும் போர் மாறாது. முதல் டைட்டன்ஃபால் 2014இல் செய்த பிழையே இது. நின்று நோக்க வேண்டிய உலகை ஓடிக்கொண்டிருப்பவன் கையில் கொடுத்தது அப்பிழை. இந்திய எதிர்காலம் என்னும் கோரிக்கைக்குத் தனியாட்டம் இன்றியமையாதது என்பது என் கருத்து.

தனியாட்டம் இருந்தாலே போதும் என்பதும் பொருளன்று. பெங்களூரு என்கோர் நிறுவனத்தின் ஃபௌ-ஜி 2021 சனவரி 26 அன்று கல்வான் பள்ளத்தாக்குக் கதைப்பகுதியோடு மட்டுமே வந்தது. அது அறிவியல் புனைவு அன்று. அங்கும் பள்ளத்தாக்கு அடிதடிக்கான ஒரு பாதையாகவே எஞ்சியது.

இன்டஸ் வெற்றி பெறுவது கூட்டாட்ட விதிகளில். இறுதிக் கட்டத்தில் தோன்றும் காஸ்மியத்தைக் கைப்பற்றுபவரும் வெல்லலாம் என்ற விதி, தும்பைக்குள் கவர்தலை நுழைக்கிறது. மற்றொன்று 'கிரட்ஜ்': தன்னை வீழ்த்தியவன்மேல் பகை கொண்டு அடுத்த ஆட்டத்தில் அவனைத் தேடிச் செல்லும் வாய்ப்பு. இது வஞ்சினம். புறநானூற்று 72ஆம் பாடலில் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் கூறும் வஞ்சினத்தில், தவறினால் தனக்கு நேர்க எனச் சொல்லும் இழிவுகள் உண்டு. குடிகள் தன்னைக் கொடியன் எனப் பழிப்பதும் மாங்குடி மருதன் முதலிய புலவர்கள் தன் நிலத்தைப் பாடாது விடுவதும் அவற்றுட்பட்டவை. இன்டஸின் வஞ்சினத்தில் அத்தகைய பிணை இல்லை. ஆனால் தேரடியில் உண்டு. "நாளைக்கு அவன அடிக்கலன்னா டீ என் கணக்குல" என்று சொன்னவன், மறுநாள் தோற்றபோது ஐந்து டீக்குக் காசு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் தராத பிணையைத் தெரு தந்தது.

தரம் பற்றிய ஒப்பீட்டின் வரம்பு

டைட்டன்ஃபால் 2 ஆடக் கணினியோ தனி விளையாட்டுக் கருவியோ வேண்டும். இன்டஸைக் கைபேசியில் விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். வாழைத்தார் விலையை நம்பியிருக்கும் ஊரில் இவ்விரண்டும் சம வாய்ப்புகள் அல்ல. 'இளைஞர் ஆழமான கதையை விடுத்துக் கூச்சலை நாடுகின்றனர்' என்னும் கருத்தரங்கப் புலம்பல் இவ்வுண்மையைக் காண்பதில்லை.

ஆய்வாளருக்கு மற்றொரு இடர். தனியாட்டம் மீண்டும் படிக்கக்கூடிய பனுவல். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நான் நுழைய முடிந்தது. கூட்டாட்டமோ சர்வர் உள்ளவரைதான். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸின் கைபேசி வடிவம் 2022 மே 17 அன்று உலகெங்கும் வெளியாகி, 2023 மே 1 அன்று மூடப்பட்டது. ஓராண்டுக்குள் ஒரு களம் முழுமையாக மறைந்தது; அக்களத்தின் குன்றுகளுக்கு எந்த ஊரார் என்ன பெயர் இட்டிருந்தனர் என்பதும் உடன் மறைந்தது. நாட்டார் வழக்காற்றியல் கூத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் வகுத்துக்கொண்ட களப்பணி முறையை, அதாவது நிகழ்வு நடக்கும்போதே ஒலிப்பதிவு செய்து, நிகழ்த்துவோர் பெயரிடும் முறையையும் குறித்துக்கொள்ளும் முறையை, கூட்டாட்டத்துக்கும் கைக்கொள்ள வேண்டியுள்ளது. தேரடியில் நான் இதுவரை குறித்துள்ள சொற்களுள் பொத்தை, ஓடை, வரப்பு ஆகிய மூன்றும் திரையிலுள்ள வடிவத்தோடு ஏறக்குறையப் பொருந்துகின்றன. நான்காவதான 'தலையணை' மட்டும் பொருந்தவில்லை. பச்சையாற்றுத் தலையணையின் பெயரை, நீரே இல்லாத ஒரு கான்கிரீட் மேடைக்கு ஏன் இட்டார்கள் என்று கேட்டேன். "அங்கதான் எல்லாரும் கூடுவோம்லா" என்றார்கள்.