பாடுவது நம் கடன். பாயிரம் பிறர் கடன்

நூல் இயற்றிய ஆசிரியன் தன் நூலின் சிறப்பைத் தானே எடுத்துரைத்தல் தகாது என்பது தமிழ் இலக்கண நூலார் வகுத்த நெறி. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இதனைத் தெளிவாக வரையறுக்கின்றார். அரிய பொருள்களைப் புதியனவாகத் தோற்றுவித்துப் பல துறைகளில் நூல் முடித்தவனாயினும், தன்னைத் தான் புகழ்ந்து கொள்ளுதல் அவனுக்குத் தகுதியன்று. சிறப்புப்பாயிரம் சொல்லும் உரிமை அவனுடைய ஆசிரியனுக்கும், உடன் கற்றவனுக்கும், மாணாக்கனுக்கும், உரைகாரனுக்கும் உரியது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதாரிடையேயும், அவையில் வாதம் வெல்லும்போதும், மாற்றான் பழித்தபோதும் என நான்கு இடங்களில் மட்டும் தற்புகழ்ச்சி புலவனுக்குப் பொறுக்கப்படும்.

இந்நெறியைத் தற்பெருமைக்கு இட்ட கடிவாளமாக மட்டுமே நாம் படித்து வருகின்றோம். இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. தன் படைப்பு நன்று என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை படைத்தவனுக்கு இல்லையெனில், அது தீது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையும் அவனுக்கு இல்லை. நடுவனாக அமர்பவன் வேறொருவன் என்று வகுத்துவிட்டபின், புகழ்த்தீர்ப்பும் பழித்தீர்ப்பும் ஒருசேர அவன் கையைவிட்டு நீங்கிவிடுகின்றன. இஃது ஒரு கட்டுப்பாடு என்பதைவிட ஒரு விடுதலை என்றே கொள்ளத்தகும். இவ்வுண்மை இசைப் படைப்பில் எங்ஙனம் விளங்குகின்றது என்பதைக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

அவையடக்கமும் அச்சமும்

அதற்குமுன் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நம் பெரும்புலவர் பலரும் காப்பியத் தொடக்கத்தில் தம்மைத் தாழ்த்தி உரைத்திருக்கின்றனரே, அது தற்பழி ஆகாதோ என வினவலாம். கம்பர் தம் முயற்சியை, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க விரும்பிய பூனையின் ஆசையோடு ஒப்பிட்டார். ஆயின் அப்பூனை கரையிலேயே நின்றுவிடவில்லை. பதினாயிரம் பாடல்களைக் கடந்து சென்றது. அவையடக்கம் அவையை நோக்கிச் சொல்லப்படுவது. படைப்பை முடித்துக் கையில் ஏந்தி நிற்பவன் சபைக்குச் செய்யும் வணக்கம் அது. தற்பழியோ தனக்குள்ளே சொல்லிக் கொள்ளப்படுவது. படைப்புப் பிறக்குமுன்பே அதன் வாயை அடைப்பது. முன்னது பண்பு, பின்னது அச்சம். அச்சத்தைப் பண்பென்று மயங்கும் பழக்கம் நம்மிடையே மிகுதி.

நந்தனார் சரித்திரமும் மகாவித்துவானும்

கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோழநாட்டில் வாழ்ந்த இசைப்புலவர். மாயூரத்தையடுத்த ஆனதாண்டவபுரத்தோடு அவர் வாழ்வு பிணைந்திருந்தது. அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறுமுன்பே மக்கள் செவியில் ஏறிவிட்டது. காரைக்காலில் இருந்த சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில், 1860-களின் தொடக்கத்தில் அது நூலாக வெளிவந்தது.

அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் சென்றது திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம். 1815 முதல் 1876 வரை வாழ்ந்த பிள்ளையவர்கள் அந்நூற்றாண்டின் தலைசிறந்த செய்யுட்புலவர்; தலபுராணங்களைக் கடகடவெனப் பாடிய பெருங்கவிஞர். கீர்த்தனையில் இலக்கண வழுக்கள் இருந்தமையால் அவர் பாயிரம் தரத் தயங்கினார். இன்று நாளையென நாள் கடத்தினார். பாரதியாரோ மீண்டும் மீண்டும் சென்றார். ஒருநாள் பிள்ளையவர்களைக் காணக் காத்திருந்த வேளையில், பாரதியார் தம் கீர்த்தனைகளைத் தாமே மெல்லப் பாடிக் கொண்டிருந்தார். அது பிள்ளையவர்களின் செவியில் விழுந்தது; உள்ளம் உருகிற்று; பாயிரம் வந்தது. இருவரையும் அறிந்தவரும், இருவரிடமும் பயின்றவருமான டாக்டர் உ. வே. சாமிநாதையர் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்தமையால் நாம் அறிகின்றோம்.

இந்நிகழ்ச்சியை, புலமைச் செருக்கைப் பக்தி வென்ற கதையாகவே மேடைகளில் சொல்லி வருகின்றனர். அது முழு உண்மையன்று. பிள்ளையவர்கள் கண்ட வழுக்கள் வழுக்களே. அவர் மனம் உருகியதனால் அவை மறைந்துவிடவில்லை. அவர் செய்யுளுக்குரிய அளவுகோலைக் கையில் வைத்திருந்தார். அவ்வளவுகோலின்படி அவர் சொன்னது பிழையன்று. கீர்த்தனையோ செவிக்குரியது, ஏட்டில் தளை தட்டும் இடம் பாட்டில் தாளத்தோடு இணைந்து ஓடும். அவர் கண்ணால் படித்தபோது ஒரு நூலைக் கண்டார். செவியால் கேட்டபோது வேறொரு நூலைக் கண்டார். இரண்டும் ஒரே நூல் என்பதே இதிலுள்ள வியப்பு.

இங்கே நம் கவனத்திற்குரியவர் பாரதியார். நாட்டின் முதற்புலவர் தயங்குகின்றார் என்று தெரிந்தபின் அவர் தம் நூலைத் திரும்பப் பெற்றுக் கிழித்துவிடவில்லை. பிள்ளையவர்களின் தயக்கத்தைத் தம் தீர்ப்பாக எடுத்துக் கொள்ளவுமில்லை, அவரோடு வாதிடவுமில்லை. பாயிரம் தருவதும் மறுப்பதும் அவர் உரிமை என விட்டுவிட்டு, தம் உரிமையாகிய பாடுதலைச் செய்து கொண்டிருந்தார். நன்னூல் விதியின் இரு பக்கங்களையும் ஒருங்கே கைக்கொண்ட ஒழுக்கம் இது.

வழுவெனத் தோன்றியதே உயிராயிற்று

இன்னும் ஒருபடி ஆழ்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு சுருக்கமானது. நந்தனாரைத் தில்லைக்குப் போகவொட்டாமல் தடுக்கும் வேதியராகிய பண்ணையார் அதில் இல்லை; அப்பாத்திரம் பாரதியாரின் புனைவு. மூலநூலை அளவுகோலாகக் கொண்டு தம்மைத் தாமே அவர் மதிப்பிட்டிருப்பாரேல், 'முன்னோர் நூலுக்கு மாறுபட்டேன்' என்று அப்பகுதியை முதலிலேயே நீக்கியிருப்பார். நீக்கியிருந்தால் அந்நூலில் எஞ்சுவது என்ன? ஆண்டைக்கும் அடிமைக்கும் இடையே நடக்கும் கெஞ்சலும் மறுப்பும், நாளை நாளையென்று தள்ளிப்போகும் ஏக்கமும், அவ்வேதியரே இறுதியில் நந்தனாரின் பெருமை உணர்ந்து பணியும் காட்சியும் இல்லாமற் போயிருக்கும். மரபுக்கு மாறான அந்தப் பகுதியே நூலின் உயிர்நிலை.

நடைக்கும் இது பொருந்தும். உயர்ந்த கீர்த்தனங்களோடு நொண்டிச்சிந்து, கண்ணி முதலிய எளிய வடிவங்களையும் அவர் தயங்காமல் கலந்தார். உழவர் பேச்சும் பண்ணைப் பேச்சும் பாட்டுக்குள் வந்தன. புலவர் அவைக்கு இது ஏற்குமோ என்று எழுதும்போதே அஞ்சியிருந்தால், எழுதுகோல் இரண்டாம் அடியைத் தாண்டியிராது. எது குறை, எது புதுமை என்பது படைக்கும் வேளையில் படைப்பவனுக்கே தெரிவதில்லை. இக்காரணத்தால்தான் அவ்வேளையில் தீர்ப்பை நிறுத்தி வைத்தல் வேண்டும் என்கின்றோம்.

திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளைப் பாரதியார் கண்ட செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. சீடர்கள் ஆபோகி இராகக் கீர்த்தனம் ஒன்றைப் பாடிக் கொண்டிருந்தனர். அவ்விராகத்தில் தாங்கள் ஏதேனும் இயற்றியதுண்டா எனச் சுவாமிகள் வினவ, அதுவரை இயற்றாத பாரதியார் உடனே ஒன்று புனைந்து மறுநாள் அவர் முன்னிலையிலேயே பாடினார் என்பது வழிவழியாகக் கூறப்படுவது. ஓரிரவுப் பாட்டை அக்காலத்தின் தலைசிறந்த இசைப்படைப்பாளர் முன் வைப்பதற்கு வேண்டிய துணிவு, தன்னை உயர்வாக எண்ணுவதனால் வருவதன்று. தன்னைப் பற்றி எண்ணுவதையே சற்று ஒத்தி வைப்பதனால் வருவது.

மலையாள மண்ணில் வளர்ந்த தமிழிசை

நம்மைப்போல் மலையாள நாட்டில் வளர்ந்த தமிழ்க்குடும்பங்களுக்கு இன்னும் நெருங்கிய சான்றுகள் உண்டு. திருவிதாங்கூரில் வாழ்ந்த நீலகண்ட சிவன் (1839–1900) அரசுப் பணியை விடுத்துப் பக்திப் பாடல்களில் தோய்ந்தவர். உள்ளம் ஊறியபோது பாடினார். உடனிருந்தோர் எழுதிக் கொண்டனர் என்பர். பாட்டு ஒருவர் வாயிலும் ஏடு மற்றொருவர் கையிலும் இருந்த அந்த அமைப்பில், பாடுவோர் தம் பாட்டைத் தாமே அடித்துத் திருத்த இடமே இல்லை.

அவரைக் கண்டு வளர்ந்தவர் பாபநாசம் சிவன். தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் 1890-ல் பிறந்து, தந்தையை இழந்து, தாயுடன் திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்த சிறுவன் அவர். திருவனந்தபுரத்தில் வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னாளில் மயிலாப்பூரில் மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளைப் பஜனை பாடி வலம் வந்தார். வீதியில் பாடும் பாட்டு நின்று தீர்ப்புக் கேட்பதற்கு வாய்ப்பில்லாதது. அடுத்த திருப்பத்திற்குள் அடுத்த அடி வந்தாக வேண்டும். பாடப்பட்டுப் பாடப்பட்டு நிலைத்தவற்றுள் நூறு பாடல்கள் 1934-ல் கீர்த்தன மாலையாக அச்சேறின. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது அவரை வந்தடைந்தது 1971-ல். பாட்டு முதலில்; ஏடு பின்பு; தீர்ப்பு மிகப் பின்பு. இவ்வரிசையே நாம் கற்க வேண்டியது.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

தன்னைத் தானே கடிந்து திருத்திக் கொள்ளாத கலைஞன் உயர்வதெங்ஙனம் என்று கேட்கலாம். தக்க வினாவே. செர்மானிய இசைமேதை பிராம்ஸ் 1873-ல் தம் முதல் இரு நால்வர் தந்தியிசைப் படைப்புகளை வெளியிடுமுன் இருபதுக்கு மேற்பட்டவற்றை எழுதி அழித்தார் என்பர். அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறியது 1876-ல். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. தன்மதிப்பீட்டின் கடுமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. எனினும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. அழித்தவை அனைத்தும் முதலில் எழுதப்பட்டவை. எழுதாமலே விடப்பட்டவை அல்ல. அன்றியும், அவர் தம் கைப்பிரதிகளைக் கிளாரா சூமன் அம்மையாருக்கும் வயலின் மேதை யோவாக்கிமுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்கும் வழக்கமுடையவர். அவரும் தனியே அமர்ந்து தமக்குத் தாமே நடுவராகிவிடவில்லை.

ஆதலின் தீர்ப்பே வேண்டாவென்பது நம் கருத்தன்று. படைத்தல், பகிர்தல், திருத்தல் ஆகிய மூன்றுக்கும் முறையே காலம் உண்டு. மூன்றாவதை முதலில் வைத்தால் மூன்றும் கெடும்.

நம் இல்லங்களில்

இவ்வாராய்ச்சி நமக்கு எதற்கெனின், இழப்பு நம் வீட்டு வாயிலில் நிற்பதனால் என்போம். வைட்டிலா சந்திப்பை நாம் அறிவோம். நெடுஞ்சாலைகள் கூடும் அவ்விடத்தில் 2019-ல் மெட்ரோவும் 2023-ல் நீர்வழி மெட்ரோவும் வந்து சேர்ந்தன. சாலையும் இருப்புப்பாதையும் நீரும் தத்தம் வழியை மறவாமல் ஓரிடத்தில் கலக்கின்றன. நம் பிள்ளைகளின் நாவும் அத்தகைய சந்திப்பே. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் பேசுகின்றனர். அருகே திருப்பூணித்துறையில் ஆர். எல். வி. இசைக் கல்லூரி இருக்கின்றது. தமிழ்க் கீர்த்தனம் பாடும் மலையாளக் குரல்களை இங்கே எளிதிற் கேட்கலாம். மட்டாஞ்சேரி, கோட்டைக்கொச்சிப் பகுதியில் 1981-ல் மறைந்த பாடகர் மெகபூபின் பாட்டு கல்யாண வீடுகள் வழியாகவே மக்களிடம் பரவிற்று. பாட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது.

இருந்தும் நம் பிள்ளைகள் மேடையேறினால் பிறர் பாட்டையே பாடுகின்றனர். தாமாக ஒரு மெட்டை முணுமுணுக்கும் சிறுமியிடம் நாம் முதலில் சொல்வது என்ன? 'சுருதி சேரவில்லை', 'இது என்ன தமிழ்', 'வந்து என்று சொல், வந்நு என்று சொல்லாதே'. சொல்பவை யாவும் சரியே. பிள்ளையவர்கள் சொன்னவையும் சரியாகவே இருந்தன. ஆயின் நாம் சொல்லும் வேளை தவறு. இரண்டு மாதம் அவ்வாறு கேட்ட குழந்தை, மூன்றாம் மாதம் நாம் சொல்லுமுன் தானே தனக்குச் சொல்லிக் கொள்ளும். அன்றோடு அந்த மெட்டு நின்றுவிடும். அதன் நாவில் மலையாளம் கெடுத்ததாக நாம் வருந்தும் அதே மண்ணில்தான் மழை என்னும் சொல்லின் ழகரம் இன்றும் திருத்தமாக ஒலிக்கின்றது. எது குறை, எது பேறு என்று இப்போதே அறுதியிட நாம் யார்?

தமிழ்ப்பாட்டு கச்சேரியின் இறுதியில் துக்கடாவாக இருக்கவே தகும் என்று தமிழரே எண்ணியிருந்த காலம் உண்டு. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்து, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பிறர் நம்மைத் தாழ்த்தியதைவிட, நாமே நம்மைத் தாழ்த்திக் கொண்டதை எதிர்த்தே அவ்வியக்கம் மிகுதியும் போராட வேண்டியிருந்தது. ஓர் இனத்துக்கு நேர்ந்தது ஒரு குழந்தைக்கும் நேரும்.

எனவே நம் இல்லங்களில் எளிய வழக்கம் ஒன்றை மேற்கொள்வோமாக. பிள்ளை தானே கட்டிய பாட்டை முதன்முறை பாடும்போது இறுதிவரை கேட்போம். இரண்டாம் முறை, செவியில் தங்கிய அடி எது என்று மட்டும் சொல்லுவோம். மூன்றாம் முறை, திருத்தம் வேண்டுமா என்று பிள்ளையையே கேட்போம். இலக்கணம் அப்போதும் நம்மிடமே இருக்கும். அது எங்கும் ஓடிவிடாது. பாட்டுத்தான் ஓடிவிடும்.

பெரியவர்களுக்கும் இதுவே நெறி. மனத்துள் ஒரு மெட்டை வைத்துக்கொண்டு, இதைப் போய் யாரிடம் பாடுவது என்று கூசி நிற்போர் நம்முள் பலர். பாயிரம் எழுதும் வேலை நம்முடையதன்று. அதற்கு உரியவர் வருவர், வரத் தாமதமும் ஆகலாம். மாயூரத்தில் பாரதியார் காத்திருந்தது போலக் காத்திருப்போம். காத்திருக்கும் நேரத்தில் அவரைப் போலவே பாடிக்கொண்டும் இருப்போம்.