முழுப் பாதம் பதிந்த மேடை

நாட்டார் ஆட்டத்தை மேடைக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கைவைப்பது ஆடுபவரின் பாதத்தில்தான். களத்து மண்ணில் குதிகால் பதித்து ஆடியவரை நுனிவிரலில் எம்பச் சொல்வார்கள். மடங்கிய முழங்காலை நிமிர்த்துவார்கள். முகத்தில் ஒரு மாறாத புன்னகையை ஒட்டவைப்பார்கள். சீனாவில் 1950கள் தொடங்கி அரசு ஆடல்பாடல் குழுக்கள் சிறுபான்மை இனங்களின் ஆட்டங்களை இப்படித்தான் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோயின. பாலே பயிற்சியில் வார்த்தெடுத்த உடல்கள், பளபளக்கும் உடைகள், ஒரே நொடியில் ஒரே பக்கம் திரும்பும் தலைகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். எந்த ஊர் ஆட்டம் என்று கேட்டால் மட்டும் உடையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2003 ஆகஸ்டில் குன்மிங் நகரில் அரங்கேறிய 'யுன்னான் யிங்ஷியாங்' அந்தக் குதிகாலைத் திரும்ப மேடையில் பதித்தது. இயக்கி, வடிவமைத்து, நடுவில் தானும் ஆடியவர் யாங் லிபிங். ஆடியவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் யுன்னான் மாகாணத்தின் மலையூர்களிலிருந்து வந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள். நடனப் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். இந்த நிகழ்ச்சியின் அழகு, பலம், சில இடங்களில் அதன் சறுக்கல் எல்லாமே அந்த ஒரு தேர்விலிருந்து பிறக்கின்றன.

யுன்னான், சீனாவின் தென்மேற்கு மூலை. மியான்மர், லாவோஸ், வியட்நாம் மூன்றோடும் எல்லை. ஹான் மக்களோடு சேர்த்து 26 இனத்தார் அங்கே காலங்காலமாக வாழ்கிறார்கள். யாங் லிபிங் அவர்களில் ஒருவரான பாய் இனத்தவர். 1958இல் டாலி வட்டாரத்தில் பிறந்து, சிறுமியாகவே தெற்கே ஷிஷுவாங்பன்னாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1971இல் அங்குள்ள ஆடல்பாடல் குழுவில் சேர்ந்தார். பிறகு பெய்ஜிங்கின் மத்திய இனக்குழுக் கலைக்குழு. அங்கே எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்த பாலே அடிப்படையிலான பயிற்சி தன் உடம்புக்கு ஒத்துவராது என்று விலகி, தனியே தன் வழியில் பயின்றார். அந்தப் பிடிவாதத்தில் விளைந்ததுதான் 1986இல் நாடறிந்த 'மயிலின் ஆவி' தனிநடனம்.

அந்த மயில் டாய் இனத்தாருடையது. பழைய வழக்கில் மயிலாட்டம் ஆடியவர்கள் ஆண்கள். மூங்கிலில் கட்டிய இறக்கைச் சட்டமும் கிரீடமும் முகமூடியும் தரித்து ஆடினார்கள். யாங் லிபிங் சட்டத்தைக் கழற்றிவிட்டு மொத்த மயிலையும் கைகளுக்குள் கொண்டுவந்தார். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் நுனியில் கூட, மற்ற மூன்றும் விசிறியாக விரிகின்றன. நம் பரத ரசிகர்கள் பார்த்தவுடன் ஹம்சாஸ்யம் என்பார்கள். ஆனால் இங்கே அந்த முத்திரை ஒரு பொருளைக் காட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்வதில்லை. மணிக்கட்டு சற்றே வெட்டித் திரும்பும். அலகு இரை தேடும். மூன்று விரல்கள் சிலிர்க்கும், கொண்டை அசையும். தோளிலிருந்து விரல்நுனி வரை எலும்பே இல்லாததுபோல் ஓர் அலை ஓடி முடியும்.

இவ்வளவு நுட்பமான ஒருத்தி, தன்னைப்போல் நுட்பமானவர்களைத் தேடாமல் மாட்டுக்கொட்டிலிலிருந்தும் வயல்வரப்பிலிருந்தும் ஆள் சேர்த்தது ஏன் என்பதற்கு முதல் காட்சியான 'சூரியன்' பதில் சொல்கிறது. அது முரசுகளின் காட்சி. ஜினோ மக்களின் சூரிய முரசு இருக்கிறதே, அதன் தோலை இழுத்துக் கட்டும் மரமுளைகள் முகப்பைச் சுற்றிக் கதிர்களாக நீட்டிக்கொண்டிருக்கும். ஊழிவெள்ளத்தில் உலகம் மூழ்கியபோது அண்ணனும் தங்கையுமாக இருவர் ஒரு முரசுக்குள் ஒளிந்து பிழைத்தார்கள், அவர்கள் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது ஜினோ மக்களின் தொன்மம். அவர்களுக்கு முரசு என்பது முன்னோர் இருந்து வந்த வயிறு. அதை அடிக்கிறவரின் உடல் நிமிர்ந்து நிற்பதில்லை. இடுப்பு தாழ்ந்து, முதுகு வளைந்து, அடி தோள்பட்டையிலிருந்து இறங்குகிறது. விறகு பிளந்து பழகிய கை அது. வருடக்கணக்கில் கண்ணாடி முன் பயின்ற கைக்கு அந்த இறக்கம் வராது.

பதிவுகளில் இதைப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்காத ஒன்று அரங்கில் உண்டு. அத்தனை பேரும் சேர்ந்து மிதிக்கும்போது ஒலி ஒரே துல்லியமாக விழுவதில்லை. ஒரு இழை முன்பின்னாக விழுகிறது. பயிற்சிக் குழுவில் அது பிழை. இங்கே அதுதான் அடர்த்தி. பத்துப் பறை ஒன்றாக முழங்கும்போது நம் ஊரில் நெஞ்சுக்கூட்டில் உணர்வோமே, அந்த அதிர்வு. யாங் லிபிங் அதைத் திருத்தவில்லை. திருத்த வேண்டியது எது, விடவேண்டியது எது என்ற இந்தத் தெரிவைத்தான் நான் அவருடைய மிகப் பெரிய திறமையாக மதிக்கிறேன்.

அவர் மாற்றியவை இரண்டு: பொழுது, வெளிச்சம். ஊரில் விடிய விடிய நடப்பதை நிமிடங்களில் அடக்கினார். நெருப்பும் நிலவும் தந்த வெளிச்சத்தை மின்விளக்கால் செதுக்கினார். இரண்டும் சின்ன மாற்றங்கள் அல்ல. ஆடுபவரின் எடையையும் பாடுபவரின் தொண்டையையும் மட்டும் தொடாமல் விட்டார்.

தொண்டை என்றதும் ஷிபிங் வட்டாரத்து யி மக்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. யுன்னானின் தெற்கில் யிலோங் ஏரிக்கரையில் வாழ்கிறவர்கள். ஏரியடியில் வேர்விட்டு, நீண்ட தண்டை நீரில் நெளியவிட்டு, மேலே வெள்ளைப் பூ பூக்கும் ஒரு கீரை அங்கே உண்டு. அதன் பெயரையே தங்கள் பாட்டு முறைக்கும் வைத்திருக்கிறார்கள்: ஹைட்சாய் சியாங். இளவட்டங்கள் இரவில் கூடிப் புகைத்து, பாடி, ஆடி, துணை தேடும் கூடுகைகளில் வளர்ந்த பாட்டு. முழுப் பாட்டுக்குப் பல அங்கங்கள்; நடுவே பேச்சுநடையும் வரும்.

அதன் உயிர் குரல் மாறும் அந்த விளிம்பில் இருக்கிறது. நெஞ்சுக் குரலில் தொடங்கும் பெண், எச்சரிக்கையே தராமல் ஒரே மூச்சில் கள்ளக்குரலுக்குத் தாவுகிறாள். நம் பாட்டு வகுப்பில் கள்ளக்குரல் என்றால் ஆசிரியர் முகம் சுளிப்பார். இங்கே அந்த முறிவுதான் அலங்காரம். ஒரு குரல் உடைந்து இன்னொன்றாவதை மறைக்காமல், உடையும் இடத்திலேயே நின்று அதை ஆட்டிக்காட்டுகிறாள். மேலே போன பிறகு சுரம் நிலைத்து நிற்பதில்லை. நீரோட்டத்தில் தண்டு அசைவதுபோல் நெளிந்து, நீண்டு, கீழே விழுந்து, பேச்சில் முடிகிறது. ஏரிக்கு அந்தக் கரையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டிய பாட்டு என்பது அந்த உச்சத்தில் புரிகிறது. மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும்.

அதே மக்களின் புகையிலைப் பெட்டி ஆட்டம் அளவில் மிகச் சிறியது; எனக்கு அதனாலேயே மிகப் பிடித்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டப் பெட்டி. மூடி ஒரு கையில், அடி மறு கையில். விரலால் சுண்டச் சுண்ட, உலர்ந்த, கூர்மையான 'டக்' ஒலி. தந்தி வாத்தியம் இழைக்கும் மெட்டுக்கு இந்த இரண்டு அரைப்பெட்டிகள்தான் தாளம். தாளக் கருவியையும் கையசைவையும் பிரிக்கவே முடியாது. கை நின்றால் தாளம் நின்றுவிடும். கீழே கால்கள் குறுகிய அடிகளில் ஓடிக்கொண்டிருக்க, இடுப்புக்கு மேலே ஒலி பூக்கிறது. வீட்டையும் வயலையும் சுமக்கும் பெண்ணுக்கு ஓய்வே கிடையாது என்று அடுக்கிச் சொல்லும் 'பெண்கள் நாடு' பகுதியில் இந்தச் சுண்டொலி ஒரு வாதம்போல விடாமல் தொடர்கிறது.

நடுவில் வரும் 'நிலவொளி' யாங் லிபிங்கின் தனிநடனம். பெரிய வட்ட நிலவின் முன் கருநிழலாக ஒரு பெண். முகம் தெரியாது; உருக்கோடு மட்டும். முழங்கை மடிந்தால் கிளை, விரல் விரிந்தால் இலை. இதை எந்த ஊர்க்களத்திலும் பார்க்க முடியாது. முழுக்க அவருடைய கற்பனை. கலப்படம் என்று இதைக் குறைசொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அத்தனை முரசொலிக்கும் மிதியொலிக்கும் நடுவே செவிக்கு ஓர் இளைப்பாறல் வேண்டும். அதோடு, இந்த மேடையை ஒரு கலைஞர் கோத்திருக்கிறார், அருங்காட்சியகம் கோக்கவில்லை என்பதை நிலவொளி வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது.

நிகழ்ச்சி எனக்குச் சறுக்கும் இடம் 'புனித யாத்திரை'. வடமேற்கு யுன்னானின் திபெத்தியர்கள் 6,740 மீட்டர் உயரமுள்ள காவாகர்போ சிகரத்தைத் தெய்வமாகத் தொழுது அதைச் சுற்றி வலம் வருகிறார்கள். பக்தியில் முதிர்ந்தவர்கள் அடிக்கு ஒரு முறை மண்ணில் முழுதும் விழுந்து எழுந்து போவார்கள். மேடையில் பிரார்த்தனைச் சக்கரங்கள் சுழல்கின்றன, ஒளி பனியாகிறது, ஆடுபவர்கள் விழுந்து எழுகிறார்கள். உடல்கள் மெய்யாகவே விழுகின்றன; அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வணக்கத்தின் பொருள் தூரத்தில் இருக்கிறது. நாள்கணக்கில் தேயும் உள்ளங்கையிலும் முழங்காலிலும் இருக்கிறது. மேடைக்குத் தூரம் கிடையாது. யி பெண்ணின் பாட்டும் இரவு முழுக்க நீள்வதுதான். ஆனாலும் அதன் ஒரு மூச்சுக்குள்ளேயே முழுப் பாட்டும் இருக்கிறது. யாத்திரையின் ஓர் அடிக்குள் யாத்திரை இல்லை. அங்கே நான் காண்பது நல்ல ஓவியம் மட்டுமே.

இந்த மேடைக்கு முன்னால் குன்மிங்கை அடுத்த ஆன்னிங்கில் இன்னொரு முயற்சி நடந்தது. மாவோவின் கவிதைகளுக்குக் கூட்டிசை அமைத்துப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் டியான் ஃபெங், 1990களில் அங்கே ஒரு மரபுப் பயிலகம் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்களையும் இளைஞர்களையும் ஒரே இடத்தில் தங்கவைத்து, பாட்டையும் ஆட்டத்தையும் ஓர் அசைவுகூட மாற்றாமல் கைமாற்ற வேண்டும் என்பது அவர் விதி. மேடைக்காகச் சுருக்குவதோ மெருகேற்றுவதோ கூடாது. பணநெருக்கடியில் 2000இல் பயிலகம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார். அங்கே பயின்றவர்களில் ஒருவர் லி ஹுவாய்ஷியு. அவரும் தம்பி லி ஹுவாய்ஃபுவும் 2006இல் சீன மத்தியத் தொலைக்காட்சியின் இளம் பாடகர் போட்டியில் ஹைட்சாய் சியாங் பாடித் தங்கம் வென்றார்கள். மெருகேற்றாத ஊர்ப்பாட்டுக்கென்று அந்த ஆண்டுதான் தனிப்பிரிவு திறந்திருந்தார்கள். அதே ஆண்டு வெளியான சீனாவின் முதல் தேசிய மரபுரிமைப் பட்டியலிலும் அந்தப் பாட்டு இடம்பெற்றது.

டியான் ஃபெங்கின் கண்டிப்பு இல்லாவிட்டால் தொண்டை தப்பியிருக்காது. யாங் லிபிங்கின் கத்தரிக்கோல் இல்லாவிட்டால் அந்தத் தொண்டைக்குச் சம்பளம் கிடைத்திருக்காது. பணம் போட்டவர்கள் விலகி, சார்ஸ் தொற்றும் குறுக்கிட்டபோது டாலியில் இருந்த தன் வீட்டை விற்றுத்தான் அவர் ஒத்திகையைத் தொடர்ந்தார். ஊர்ப்பிள்ளைகள் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு பல ஆண்டுகள் வாழ முடிந்தது அதனால்தான். பெருந்தொற்று முடக்கத்தில் வருமானம் வற்றியபோது, 2022இல் குழுவைக் கலைப்பதாக அவரே அறிவிக்க நேர்ந்தது.

பதிவில் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காட்சியழகில் மயங்கி நிலவொளிக்கும் மயிலுக்கும் தாவிவிடாதீர்கள். முதலில் யி பெண்கள் பாடும் பகுதிக்குப் போய், திரையைத் திருப்பிவைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். குரல் உடையும் இடம் பிடிபட்ட பிறகு மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, இந்த முறை கால்களை மட்டும் பாருங்கள்.