ஒற்றனின் பக்கத்திலிருந்து ஒற்றாடல்

போன தவணை, குறள் பாடத்தின்போது படிவம் ஐந்து மாணவர் ஒருவர் கேட்டார்: “ஐயா, ஒற்றாடல் அதிகாரத்துல அரசன் என்ன செய்யணும்னு எல்லாமே இருக்கு. அந்த ஒற்றனுக்கு என்ன ஆகும்னு எங்கேயும் இல்லையே?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 59ஆம் அதிகாரம் பொருட்பாலில் உள்ளது. அங்கே பேசப்படுவது ஆட்சி. வள்ளுவர் ஒற்றனை அரசனின் கண்ணாக வைக்கிறார். அந்தக் கண்ணுக்கு வலிக்குமா என்பது அதிகாரத்தின் கேள்வி அல்ல. அதையே தன் கேள்வியாக எடுத்துக்கொண்ட ஒரு நாவல் இருக்கிறது. 1963இல் ஜான் லெ காரே எழுதிய ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’. லெ காரே என்பது புனைபெயர். இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். அவரே பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர். பெர்லின் சுவர் எழுந்தது 1961இல். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதப்பட்ட கதை இது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலெக் லீமஸ் பெர்லினில் பிரிட்டிஷ் உளவாளிகளை நடத்தியவர். தன் ஆட்களை ஒவ்வொருவராக இழந்து லண்டன் திரும்புகிறார். கிழக்கு ஜெர்மனியின் உளவு அதிகாரி முண்ட்டை ஒழிக்க அவருக்குக் கடைசியாக ஒரு வேலை தரப்படுகிறது. வேலை போய், குடித்து, சிறைக்கும் போய்ச் சீரழிந்தவராக அவர் நடிக்க வேண்டும். எதிரி வந்து அவரை விலைக்கு வாங்க வேண்டும். இடையில் ஒரு நூலகத்தில் லிஸ் என்ற இளம்பெண்ணோடு பழக்கம் ஏற்படுகிறது. அது மட்டும் நடிப்பு இல்லை.

எதிரி நாட்டில் ஃபீட்லர் என்ற அதிகாரி லீமஸின் பேச்சை நம்பி, முண்ட்டைத் துரோகி என்று விசாரணை மன்றத்தில் நிறுத்துகிறார். அப்போது ஏதுமறியாத லிஸ்ஸைச் சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள். அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல லீமஸின் கதை சரிகிறது. அங்கேதான் லீமஸுக்கே புரிகிறது: முண்ட் லண்டனின் ஆள்! அவனைக் காப்பாற்றி, அவனைச் சந்தேகித்த ஃபீட்லரை அழிப்பதுதான் உண்மையான திட்டம்.

இங்கே குறளுக்கு மறுபடி போவோம். ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும் என்கிறது அந்த அதிகாரம். அரசன் பக்கமிருந்து பார்த்தால் எவ்வளவு நல்ல யோசனை! லீமஸின் பக்கமிருந்து பாருங்கள். தான் எதற்காகப் பொய் சொல்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஒற்றனை ஊரறியச் சிறப்பிக்கக் கூடாது என்பதும் அங்கே உண்டு. லீமஸ் வெளிப்படையாகப் பெற்றது அவமானம் மட்டுமே. ஒரே விதி, இரண்டு பக்கம்.

அறத்தின் விலை எங்கே தெரிகிறது? ஃபீட்லர் தன் கொள்கையை உண்மையாக நம்பும் யூதர். முண்ட் யூதர்களை வெறுக்கும் கொடியவன். நல்லவனைக் கொன்று கெட்டவனைக் காப்பது லண்டனுக்கு லாபம். ‘நம் நோக்கம் நல்லது, எனவே நம் வழியும் நல்லது’ என்ற வாதத்தை நாவல் இந்த இடத்தில் உடைக்கிறது. மனத்தின் விலையோ லிஸ் வழியாகத் தெரிகிறது. லீமஸ் மறைக்காமல் வைத்திருந்த ஒரே அன்பையும் திட்டம் ஒரு கருவியாக எடுத்துக்கொள்கிறது.

முடிவில் இருவரும் பெர்லின் சுவரில் ஏறுகிறார்கள். லிஸ் சுடப்பட்டு விழுகிறாள். மேற்குப் பக்கம் குதித்தால் லீமஸுக்கு உயிர் உண்டு. அவர் கிழக்குப் பக்கமே இறங்கி, அவள் உடலருகே நின்று சாகிறார். இதைக் ‘காதல் தோல்வி’ என்று எழுதினால் நாவலைத் தவறவிடுகிறோம். கதை முழுக்க மற்றவர் எழுதிக் கொடுத்த வேடத்தைப் போட்டவர், முதல்முறையாகத் தானாக எடுக்கும் முடிவு அது.

குறையும் உண்டு. லிஸ்ஸின் பாத்திரப்படைப்பு மெலிந்தது. அவள் நல்லவள், நம்புகிறவள். அதற்குமேல் ஆசிரியர் அவளுக்கு அதிகம் கொடுக்கவில்லை. உளவுத்துறை அவளைப் பயன்படுத்தியதுபோல் கதையும் கொஞ்சம் பயன்படுத்திக்கொண்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று. இத்தகைய நாவலுக்குப் படிப்பினை கேட்டால் ‘பொய் சொல்லக் கூடாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பொய்யால் யாருக்கு லாபம், அதன் விலையை யார் கொடுத்தார் என்று பிரித்து, சம்பவத்தைச் சான்றாகக் காட்டி எழுதுங்கள். உத்தி கேட்டால், லீமஸ் முன்பு நெடுஞ்சாலையில் மோதவிருந்த, குழந்தைகள் இருந்த சிறிய காரைக் காட்டலாம். அந்தக் காட்சி அவருடைய கடைசி நொடியில் மறுபடி வருகிறது. இரண்டு பெரிய லாரிகளுக்கு நடுவே நசுங்கும் காராக. இரண்டு வல்லரசுகளுக்கு இடையில் யார் நசுங்குகிறார்கள் என்பதை விளக்க அதைவிட நல்ல சான்று இல்லை.

ஆசிரியர்கள் ஒற்றாடல் நடத்தும் நாளில் இந்தக் கதையை ஐந்து நிமிடம் சொல்லிப் பாருங்கள். பிறகு அந்த மாணவர் கேட்ட கேள்வியையே வகுப்பில் கேளுங்கள்.