இடம் போதாத யந்திரம்

1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வாயிலாக நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறியின் ஞாபகசக்தி மொத்தமே 32 கிலோபைட்தான் என்பதையும், நுட்பமான சித்திரத் திரை ஒன்றே அதில் 20 கிலோபைட்டை விழுங்கிவிடும் என்பதையும் எண்ணும்போது, அந்த யந்திரத்தில் பேசிக் மொழியில் நிரல் எழுதியவர்களின் சிக்கனம் ஓர் உயர்ந்த கலையாகவே எனக்குத் தோன்றுகிறது.

திருப்பாதிரிப்புலியூரில் என் நண்பர் ஒருவர் அத்தகைய யந்திரத்தை இன்றும் பேணி வருகிறார். ‘நோ ரூம்’ என்று அது கைவிரித்ததும், அவர் சற்றும் பதறாமல், ஒரே கிலோபைட்டில் அடங்கும் ஏழாம் திரைமுறைக்கு மாறி, குறிப்புரை வரிகளைக் களைந்து, எண்களையெல்லாம் சதவீதக் குறியிட்ட ஏ முதல் இசட் வரையிலான மாறிகளில் வைத்துவிடுவார். அந்த இருபத்தாறுக்கும் யந்திரமே தனியிடம் ஒதுக்கியிருப்பதால் நிரலின் பங்கில் ஒரு பைட்டும் குறைவதில்லை. என்ன நேர்த்தி!

தேவார ஏடுகள் கிடைத்ததாகச் சொல்லப்படும் சிதம்பரம் இங்கிருந்து வெகுதூரமன்று. ஓலை பொத்துப்போகுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதிய முன்னோரின் கைப்பக்குவத்தை நண்பரின் விரல்களில் நான் காண்கிறேன்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் எவர் வீட்டுப் பரணிலேனும் இத்தகைய யந்திரம் இருக்குமாயின், அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.