வில்லடிப்பவரை விட்டுவிடுங்கள்

அடுத்த முறை வில்லுப்பாட்டு பார்க்க வாய்த்தால், வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லும் புலவரைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். குடமும் உடுக்கையும் தாளமுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில் இரவு நெடுக நடக்கும் கதை, அவர்கள் போடும் ‘ஆமா’வில்தான் நகர்கிறது. நேரில் போக முடியாதவர்கள் வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் நிகழ்ச்சிகளின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கலாம்.

முதலில் எல்லா ‘ஆமா’வும் ஒன்றுபோலத்தான் கேட்கும். பொறுங்கள். புலவர் மூச்சு வாங்க இடம் தருவது ஒரு வகை. அவருடைய கடைசிச் சொல்லைப் பிடித்து, பின்வரிசையில் தூங்கி விழுகிறவருக்கும் எட்டும்படி திருப்பிச் சொல்வது இன்னொன்று. எனக்குப் பிடித்தது, ஒன்றும் தெரியாதவர்போலப் போடும் கேள்வி: “அப்படியா! அப்புறம் பட்டன் என்ன செஞ்சான்?” முத்துப்பட்டன் கதை கேட்கிற அவருக்கும் தலைகீழ்ப் பாடம். இருந்தாலும் கூட்டத்தின் மனதில் இருப்பதை அவர்தான் கேட்டாக வேண்டும்.

இதே காதோடு வீட்டுப் பேச்சைக் கேளுங்கள். உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள் அல்லவா? அது வெறும் பிடிவாதமில்லை. கனடாவில் ஜேனட் பாவெலஸும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், மயிரிழையில் ஆபத்திலிருந்து தப்பிய அனுபவத்தை ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டார். கேட்பவர்களில் சிலருக்கு ஒரு ரகசிய வேலை: ‘டி’ (T) எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை எண்ணுவது. சொல்பவருக்கு இது தெரியாது. அப்படியும் அவர் கதை சப்பென்று போனது. உச்சக்கட்டத்தில் வந்து தடுமாறினார், சொன்னதையே சொன்னார்.

செல்போனைப் பார்த்தபடி ‘ம்… ம்…’ சொல்பவரிடமும் இதுதான் நடக்கிறது. ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாணச் செய்திக்கும் ஆஸ்பத்திரிச் செய்திக்கும் ஒரே சுருதியில் ‘ம்’ வந்தால் அங்கே ஆள் இல்லை.

செல்போன் இல்லாவிட்டாலும் கவனம் நழுவும். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த ஆய்வொன்று, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக ஐந்தில் ஒரு வினாடிதான் இடைவெளி என்றது. அதற்குள் யாராலும் வாக்கியம் கட்ட முடியாது. ஆக, எதிராளி பேசும்போதே நாம் பதிலைத் தயார்செய்கிறோம். இது மனித இயல்பு, குற்றமில்லை. ஆனால் தமிழில் இதற்கு விலை கூடுதல். போனாரா, போகவில்லையா, போனதாக யாரோ சொன்னார்களா என்பதெல்லாம் நம் வாக்கியத்தின் வாலில்தான் தெரியும். பாதியில் பாய்கிறவருக்கு விஷயமே போய்ச் சேராது.

அதனால் ஒருவர் முடித்ததும் ஒரு மூச்சு விட்டுப் பாருங்கள். பல நேரம் அவர் சொல்ல வந்த விஷயம் அதற்குப் பிறகுதான் வரும். ஏதாவது கேட்டே ஆகவேண்டுமென்றால் சின்னதாகக் கேளுங்கள்: “அப்போ வீட்டுல யாரெல்லாம் இருந்தீங்க?” ‘எனக்கும் இப்படித்தான் ஒரு தடவை…’ என்று ஆரம்பிப்பது, புலவர் கையிலிருந்து வீசுகோலைப் பிடுங்குவது. அறிவுரையும் அந்த ரகம்தான். கேட்டால் மட்டும் கொடுக்கலாம்.

டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் கூடியிருக்கும்போது கவனியுங்கள். யார் பேசினாலும் அவர் கண் அடிக்கடி ஒரே ஆள் பக்கம் போகும். பெரும்பாலும் அந்த ஆள் அதிகம் பேசியிருக்க மாட்டார். அவருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.